டி.என்.ஏ., ஆர்.என்.ஏ. நொதிகளில் சர்வதேச முனைவர் பயிற்சி: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நியூக்ளிக் அமிலங்களின் மேல் வேலை செய்யும் நொதிகளில் முனைவர் பட்டம் செய்ய நினைக்கும் மாணவர்களிடமிருந்து ஒரே சந்தேகங்கள் திரும்பத் திரும்ப வருகின்றன. அவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை வைத்து, பதில்களை இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில், சிக்கலானவை பிறகு. உதாரணங்கள் பெரும்பாலும் ஜெர்மனியிலிருந்தும் மற்ற ஐரோப்பிய நாடுகளிலிருந்தும் வரும். இரண்டு நாட்டு ஆய்வகங்கள் சேர்ந்து ஒரு மாணவரைப் பயிற்றுவிக்கும் முறை அங்கே நன்றாக வேரூன்றியிருக்கிறது.

டி.என்.ஏ. மேல வேலை செய்யும் நொதின்னா கிரிஸ்பர்தானே? வேற என்ன இருக்கு?

நிறைய இருக்கிறது. டி.என்.ஏ.வையோ ஆர்.என்.ஏ.வையோ நகலெடுக்கும், வெட்டும், ஒட்டும், முறுக்கைத் தளர்த்தும், பழுது பார்க்கும், வேதிக் குறி வைக்கும் எல்லா நொதிகளும் இதில் அடக்கம். நகலெடுப்பவை பாலிமரேஸ்கள். ஆர்தர் கார்ன்பெர்க் 1950களின் நடுவில் ஈ. கோலை பாக்டீரியாவில் கண்டுபிடித்த டி.என்.ஏ. பாலிமரேஸ் இவற்றில் முதலாவது. 1959-ல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. குறிப்பிட்ட எழுத்து வரிசையைப் பார்த்து வெட்டும் ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகளுக்காக வெர்னர் ஆர்பர், டேனியல் நேத்தன்ஸ், ஹாமில்டன் ஸ்மித் மூவரும் 1978-ல் பரிசு பெற்றார்கள். அறுந்த இழையை ஒட்டுபவை லைகேஸ்கள். இரட்டை இழையைப் பிரிப்பவை ஹெலிகேஸ்கள். மரபணுவைத் திருத்தப் பயன்படும் கிரிஸ்பர் முறையின் காஸ்9, வெட்டும் கூட்டத்தில் ஓர் உறுப்பினர், அவ்வளவுதான்.

நொதி என்றாலே புரதம் என்றுதான் பள்ளியில் படித்திருப்போம். ஆர்.என்.ஏ.வே வினையூக்கியாக வேலை செய்யும் என்று தாமஸ் செக்கும் சிட்னி ஆல்ட்மனும் காட்டினார்கள். அதற்கு 1989-ல் நோபல். ஆகவே இந்தத் துறையில் ஆர்.என்.ஏ. சில சமயம் நொதியின் தளப்பொருள் (நொதி வேலை செய்யும் பொருள்), சில சமயம் நொதியே அதுதான்.

நோபல் எல்லாம் கொடுத்து முடிச்சாச்சு. இன்னும் பி.எச்டி. பண்ண என்ன மிச்சம் இருக்கு?

எந்த நொதி என்ன செய்கிறது என்ற பட்டியல் ஓரளவு கையில் இருக்கிறது. எப்படிச் செய்கிறது என்பதில்தான் வேலை குவிந்து கிடக்கிறது. ஈ. கோலையின் டி.என்.ஏ.வில் சுமார் 46 லட்சம் கார இணைகள் (இரண்டு இழைகளிலும் எதிரெதிரே இணையும் எழுத்துகள்) உண்டு. அதற்குள் ஆறே எழுத்து கொண்ட தன் இலக்கை ஒரு நொதி எப்படி இவ்வளவு சீக்கிரம் கண்டுபிடிக்கிறது? இழையோடு வழுக்கிக்கொண்டு போகிறதா, தாவித் தாவிப் போகிறதா? பெர்க், வின்டர், வான் ஹிப்பல் மூவரும் 1981-ல் இதற்கு ஒரு கோட்பாட்டை முன்வைத்தார்கள். ஒவ்வொரு புதிய நொதிக்கும் அந்தக் கேள்வியைப் புதிதாகத்தான் கேட்க வேண்டியிருக்கிறது.

பல புரதங்கள் சேர்ந்து வேலை செய்யும் இடங்கள் இன்னும் சுவாரசியமானவை. ஈ. கோலையில் நகலெடுக்கும்போது தவறான எழுத்து சேர்ந்துவிட்டால் மியூட்-எஸ் என்ற புரதம் அதைக் கண்டுபிடிக்கிறது. மியூட்-எல் நடுவில் வருகிறது. மியூட்-எச், மெத்தில் குறி இன்னும் விழாத புது இழையைப் பார்த்து வெட்டுகிறது. தவறு இருக்கும் இடத்துக்கும் வெட்டு விழும் இடத்துக்கும் நடுவே ஆயிரம் கார இணைகள்கூட இருக்கலாம். அவ்வளவு தூரத்துக்குச் செய்தி எப்படிப் போகிறது என்று பல பத்தாண்டுகள் வாதம் நடந்தது. இந்தப் பழுதுபார்ப்பு ஆய்வுக்காக 2015-ல் நோபல் பெற்றவர்களில் ஒருவர் பால் மோட்ரிச்.

மருந்தும் இங்கேதான் இருக்கிறது. சிப்ரோஃப்ளாக்சசின் என்ற ஆன்டிபயாட்டிக், டி.என்.ஏ.வின் முறுக்கைக் கையாளும் பாக்டீரியா நொதியான கைரேஸைத் தாக்குகிறது. எச்.ஐ.வி. மருந்துகளில் முதலில் வந்த ஏ.இசட்.டி. ஆர்.என்.ஏ.வைப் பார்த்து டி.என்.ஏ. எழுதும் அந்த வைரஸின் ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸைத் தடுக்கிறது.

சர்வதேசப் பயிற்சித் திட்டத்துக்கும் சாதாரண பி.எச்டி.க்கும் என்ன வித்தியாசம்?

வழக்கமான முறையில் ஒரு வழிகாட்டி, ஒரு ஆய்வகம், ஒரு தலைப்பு. பயிற்சித் திட்டத்தில் பத்துப் பதினைந்து குழுக்கள் ஒரே கருப்பொருளில் சேர்ந்து, மாணவர்களைக் கூட்டாகப் பயிற்றுவிக்கின்றன. உங்களுக்கென்று மேற்பார்வைக் குழு இருக்கும். பொதுவான வகுப்புகள், செய்முறைப் பயிலரங்குகள், வருடாந்திரக் கூட்டம் எல்லாம் இருக்கும். சர்வதேசத் திட்டம் என்றால் வேறு நாட்டு ஆய்வகத்தில் சில மாதம் தங்கி வேலை செய்வதும் இதில் சேரும்.

ஜெர்மன் ஆராய்ச்சி அறக்கட்டளை 1990 முதல் இப்படிப்பட்ட ஆய்வுப் பயிற்சிக் குழுக்களுக்குப் பணம் கொடுக்கிறது; ஒரு குழு அதிகபட்சம் ஒன்பது ஆண்டு நடக்கலாம். அந்த வரிசையில், நியூக்ளிக் அமிலங்களில் வேலை செய்யும் நொதிகளையே கருப்பொருளாகக் கொண்ட ஒரு குழுவை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழகமும் மாஸ்கோவின் லொமனோசொவ் பல்கலைக்கழகமும் சேர்ந்து நடத்தின. மாக்ஸ் பிளாங்க் கழகத்தின் சர்வதேச ஆய்வுப் பள்ளிகள் 2000-ல் தொடங்கின. ஐரோப்பிய ஒன்றியத்தின் மேரி ஸ்க்லொடோவ்ஸ்கா-கியூரி முனைவர் வலையமைப்புகள் இன்னொரு வழி. எந்தத் திட்டம் திறந்திருக்கிறது என்பது ஆண்டுக்கு ஆண்டு மாறும். அதனால் திட்டத்தின் பெயரைவிட, உங்களுக்குப் பிடித்த நொதியில் யார் வேலை செய்கிறார்கள் என்று தேடுவதே நல்லது.

நான் வேதியியல் படிச்சவன். உயிரியல் பன்னிரண்டாம் வகுப்போட சரி. என்னை எடுப்பாங்களா?

எடுப்பார்கள், மகிழ்ச்சியோடு. ஹர் கோவிந்த் கொரானா கரிம வேதியியலாளர். மரபுக் குறியீட்டை விளக்கியதில் அவர் பங்குக்காக 1968-ல் நோபல் பெற்றார். வெங்கி ராமகிருஷ்ணன் முனைவர் பட்டம் வாங்கியது இயற்பியலில். அப்புறம்தான் உயிரியல் படித்தார், ரைபோசோமின் அமைப்புக்காக 2009-ல் வேதியியல் நோபல் பெற்றார். நொதியின் வினைவழி என்பதே வேதியியல். பாஸ்பேட் பிணைப்பை நீர் மூலக்கூறு எந்தப் பக்கத்திலிருந்து தாக்குகிறது, மக்னீசியம் அயனி அங்கே என்ன செய்கிறது என்று யோசிக்கத் தெரிந்தவருக்கு இங்கே எப்போதும் இடம் உண்டு.

ஐரோப்பாவில் பெரும்பாலும் முதுகலைப் பட்டம் கேட்பார்கள். அமெரிக்காவில் இளங்கலை முடித்ததுமே சேரலாம், ஆனால் முதல் ஓரிரு ஆண்டு வகுப்புகளில் போகும், மொத்தம் ஐந்தாறு ஆண்டு ஆகும்.

பணம் நாம கட்டணுமா, அவங்க கொடுப்பாங்களா?

இந்தத் துறையில் நல்ல திட்டம் எதுவும் உங்களிடம் பணம் கேட்காது. ஜெர்மனியில் பெரும்பாலும் வேலை ஒப்பந்தம் போடுவார்கள். அரசு ஊதிய அளவில் 13-ஆம் நிலை. உயிர் அறிவியலில் அதில் 65 சதவீதம் என்பது பரவலான வழக்கம். முழு நேரம் வேலை செய்துவிட்டு 65 சதவீதச் சம்பளமா என்று கேட்பீர்கள். அந்தக் குறை நியாயமானது, அங்கேயே பலரும் இதைச் சொல்கிறார்கள். ஒப்பந்தமா, உதவித்தொகையா என்று எழுத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். ஒப்பந்தத்தில் மருத்துவக் காப்பீடும் ஓய்வூதியப் பங்கும் சேர்ந்து வரும். உதவித்தொகையில் காப்பீட்டை நீங்களே பார்த்துக்கொள்ள வேண்டியிருக்கலாம்.

மேரி கியூரி வலையமைப்புக்கு ஒரு நிபந்தனை இருக்கிறது. சேர்வதற்கு முந்தைய 36 மாதத்தில், எந்த நாட்டில் சேர்கிறீர்களோ அங்கே 12 மாதத்துக்கு மேல் வசித்திருக்கவோ வேலை, படிப்பு என்று இருந்திருக்கவோ கூடாது. அந்த நாட்டிலேயே முதுகலை படித்தவர்கள் இதில்தான் சிக்கிக்கொள்கிறார்கள்.

அந்த ஊர் மொழி தெரியணுமா?

ஆய்வகத்துக்கும் ஆய்வேட்டுக்கும் ஆங்கிலம் போதும். வீடு தேடவும் அரசு அலுவலகத்துக்குப் போகவும் உள்ளூர் மொழி கொஞ்சம் தெரிந்தால் பெரிய உதவி. சேர்ந்த பிறகு படிக்கலாம்.

பேராசிரியருக்கு முதல்ல மெயில் போடணுமா, நேரா விண்ணப்பிக்கலாமா?

விண்ணப்பத்தைத் திட்டத்தின் வழியாகத்தான் போட வேண்டும். கூடவே பேராசிரியருக்கு எழுதுவதில் தவறில்லை. ஆனால் ஐம்பது பேருக்கு ஒரே கடிதம் போகக் கூடாது. அவருடைய ஒரு கட்டுரையைப் படித்து, அதில் ஒரு படத்தைப் பற்றி உண்மையான கேள்வி ஒன்றைக் கேளுங்கள். பத்து வரி போதும்.

இன்னொரு கடிதம் அதைவிட முக்கியம். அந்தக் குழுவில் இப்போது இருக்கும் மாணவர் ஒருவருக்கு எழுதி, புதியவர்களுக்கு யார் உட்கார்ந்து சொல்லித் தருகிறார்கள், முன்பு படித்தவர்கள் எத்தனை வருடத்தில் முடித்தார்கள் என்று கேளுங்கள். நல்ல குழு என்றால் தயங்காமல் பதில் வரும்.

நேர்காணலில் என்ன கேட்பாங்க?

உங்கள் முதுகலை ஆய்வைப் பற்றித்தான் பாதி நேரம் போகும். ஒவ்வொரு படியிலும் ஏன் அப்படிச் செய்தீர்கள் என்று கேட்பார்கள். கிட் கொடுத்த செய்முறையை அப்படியே பின்பற்றினேன் என்ற பதில் எடுபடாது. அந்த பஃபரில் (பி.எச்.சை நிலையாக வைக்கும் கரைசலில்) இருக்கும் ஒவ்வொரு பொருளும் எதற்கு என்று தெரிந்துகொண்டு போங்கள்.

அடிப்படையில் இரண்டு கேள்வி அடிக்கடி வரும். மைக்கேலிஸ் மாறிலிக்கும் பிணைப்புப் பிரிகை மாறிலிக்கும் என்ன வித்தியாசம் என்பது ஒன்று. உங்கள் புரதக் கரைசல் டி.என்.ஏ.வை வெட்டுகிறது, வெட்டுவது உங்கள் புரதம்தான் என்று எப்படிச் சொல்வீர்கள் என்பது இன்னொன்று. இரண்டாவதன் பதில் அடுத்த கேள்வியில் வருகிறது.

முதல் வருஷம் முழுக்கப் புரதம் சுத்தம் பண்றதுலயே போயிடும்னு சொல்றாங்களே?

பெரும்பாலும் உண்மை. அந்த நேரம் வீணும் இல்லை. இந்தத் துறையில் நொதியின் தூய்மைதான் எல்லாவற்றுக்கும் அஸ்திவாரம். புரதத்தை வளர்க்கும் ஈ. கோலைக்குள்ளேயே ஏகப்பட்ட நியூக்ளியேஸ்கள் (நியூக்ளிக் அமிலத்தை வெட்டும் நொதிகள்) இருக்கின்றன. நீங்கள் பிரித்தெடுத்த புரதத்தில் அவற்றில் ஒன்று துளி அளவு ஒட்டிக்கொண்டு வந்தாலும், ஜெல்லில் கண்ணுக்குத் தெரியாது, ஆனால் டி.என்.ஏ.வை வெட்டும். நீங்கள் அதை உங்கள் நொதியின் சாதனையாக எழுதிவிடுவீர்கள்.

இதற்குச் சரியான கட்டுப்பாட்டுச் சோதனை, செயலிழந்த மாற்றுரு. வினை நடக்கும் இடத்தில் இருக்கும் ஒரு அமினோ அமிலத்தை மட்டும் மாற்றி, அந்தப் புரதத்தையும் அதே சுத்திகரிப்புக் குழாய்ப் பத்தியில், அதே பஃபரில், அதே அளவு சுத்தம் செய்ய வேண்டும். ஈகோ ஆர்-ஃபைவ் என்ற ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதியில் 90-ஆம் இடத்து ஆஸ்பார்டேட்டை அலனினாக மாற்றுவது போல. மாற்றுருவும் வெட்டினால், வெட்டுவது வேறு எதுவோ. இதைச் செய்யாத ஆய்வகத்தில் சேர யோசியுங்கள்.

எதிர்ப்பக்கத் தொல்லையும் உண்டு. டி.என்.ஏ.வைப் பிடிக்கும் புரதம், பாக்டீரியாவின் டி.என்.ஏ.வையும் பிடித்துக்கொண்டே வெளியே வரும். 260, 280 நானோமீட்டர் ஒளியுறிஞ்சல் விகிதம் சுத்தமான புரதத்துக்கு 0.6 பக்கத்தில் இருக்கும். 1-ஐத் தாண்டினால் நியூக்ளிக் அமிலம் கலந்திருக்கிறது. உப்பைக் கூட்டிக் கழுவுவது, ஹெப்பரின் பத்தியில் ஏற்றுவது எல்லாம் இதற்குத்தான்.

ஆர்.என்.ஏ. வேலை ரொம்ப கஷ்டமாமே? டி.என்.ஏ.வே எடுத்துக்கலாமா?

கஷ்டம் என்பதைவிட ஒழுங்கு கேட்கும் வேலை என்று சொல்லலாம். ஆர்.என்.ஏ.வைச் சிதைக்கும் ஆர்.என்.ஏஸ் நம் தோலிலேயே இருக்கிறது. மாட்டுக் கணையத்திலிருந்து எடுக்கும் ஆர்.என்.ஏஸ்-ஏ 124 அமினோ அமிலங்கள் கொண்ட சிறிய புரதம். நான்கு டைசல்பைடு பிணைப்புகள் அதை இறுக்கிக் கட்டியிருப்பதால் கொதிக்க வைத்தாலும் ஆறியதும் திரும்ப மடிந்து வேலை செய்யும். உலோக அயனியும் அதற்குத் தேவையில்லை, ஆகவே உலோக அயனிகளைப் பிடித்துவைக்கும் ஈ.டி.டி.ஏ. போட்டு நிறுத்த முடியாது. கையுறையை அடிக்கடி மாற்றுவது, ஆர்.என்.ஏ.வுக்கென்று தனி பிப்பெட்டும் தனி மேசையும் வைத்துக்கொள்வது ஒரு மாதத்தில் பழகிவிடும். பயத்தால் மட்டும் தலைப்பை மாற்றாதீர்கள்.

கதிரியக்கப் பொருளைத் தொடணுமா? வீட்டில் பயப்படறாங்க.

பல இடங்களில் ஒளிரும் சாயங்கள் வந்துவிட்டன. ஆனாலும் மிகக் குறைந்த அளவை அளக்க பாஸ்பரஸ்-32 இன்றும் பயன்படுகிறது. அதன் அரை ஆயுள் 14.3 நாள். அது வெளியிடும் பீட்டா துகள்களை ஒரு சென்டிமீட்டர் அக்ரிலிக் தடுப்பு நிறுத்திவிடும். ஈயத்தை நேராக வைத்தால் எக்ஸ் கதிர் உண்டாகும், அதனால் அக்ரிலிக்தான் முதலில். பயிற்சி வகுப்பு முடிக்காமல் உங்களை அந்த அறைக்குள் விடக் கூடாது, கதிர்வீச்சு அளவுமானி அட்டை கொடுக்க வேண்டும். கர்ப்ப காலத்தில் விலகியிருக்க உரிமை உண்டா என்று தயங்காமல் கேளுங்கள்.

எனக்குக் கணக்கு வராது. கைனெடிக்ஸ் இல்லாம ஓட்டிடலாமா?

முடியாது. கைனெடிக்ஸ் என்பது வினை வேகத்தை அளப்பது. ஆனால் தேவைப்படும் கணக்கு நீங்கள் பயப்படும் அளவுக்கு இல்லை. நொதியைக் குறைவாகவும் டி.என்.ஏ.வை நிறையவும் வைத்து அளந்தால் ஒரு வேகம் வரும். நொதியை நிறைய வைத்து, ஒவ்வொரு டி.என்.ஏ.வும் ஒரு முறை மட்டும் வெட்டப்படும்படி அளந்தால் வேறு வேகம் வரும். ஈகோ ஆர்-ஃபைவில் வெட்டுவது வேகமாக நடக்கிறது, வெட்டிய துண்டை விடுவதில்தான் தாமதம். முதல் முறையில் மட்டும் அளந்தவர், துண்டை விடும் வேகத்தை வெட்டும் வேகம் என்று நினைத்துக்கொள்வார். இந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்தால் பாதி கைனெடிக்ஸ் வந்துவிட்டது. மில்லிவினாடிகளில் நடப்பதை அளக்கும் ஸ்டாப்டு-ஃப்ளோ போன்ற கருவிகள் எல்லா ஆய்வகத்திலும் இருக்காது. அடுத்த கேள்விக்கு இதுவும் ஒரு பதில்.

ஆறு மாசம் வேற நாட்டு லேப்ல போய் இருக்கிறது நேர விரயம் இல்லையா?

சரியாகத் திட்டமிட்டால் மொத்தப் பயிற்சியிலேயே மிக மதிப்பான காலம் அது. ஒரு குழு படிக அமைப்பில் தேர்ந்ததாக இருக்கும், இன்னொரு குழு ஒற்றை மூலக்கூறைக் காந்த இடுக்கியால் பிடித்து இழுத்துப் பார்ப்பதில், மற்றொன்று வேதியியலாக மாற்றிய நியூக்ளியோடைடுகளைத் தொகுப்பதில். மேலே சொன்ன மியூட்-எஸ் போன்ற கேள்விகளை ஒரே கருவியால் தீர்க்க முடியாது.

எனக்கு இதில் இன்னொன்று பெரிதாகப் படுகிறது. உங்கள் நொதி உங்கள் ஆய்வகத்தில், உங்கள் கையில், உங்கள் தண்ணீரில் மட்டும் வேலை செய்கிறதா என்று தெரிந்துகொள்ள வேறு வழியே இல்லை. வேறு ஆய்வகத்தில் வேறு ஒருவர் அளந்தும் அதே எண் வந்தால், அதை நம்பி அடுத்த மூன்று வருடத்தைக் கட்டலாம்.

போவதற்கு ஆறு மாதம் முன்பே பொருள் பரிமாற்ற ஒப்பந்தம், சுங்கத் தாள்கள், விசா மூன்றையும் தொடங்குங்கள். பயணத்துக்கு முந்தைய வாரம் நொதியை உலர்பனியில் அனுப்பிவிட்டு, அது சுங்கத்தில் கிடந்தால் பனி தீர்ந்துவிடும். முடிந்தால் நொதியின் மரபணு கொண்ட பிளாஸ்மிடை (வட்ட டி.என்.ஏ.வை) அனுப்பி, புரதத்தை அங்கேயே புதிதாகச் சுத்தம் செய்யுங்கள். அது தனியான சோதனையும் ஆகும்.

அங்கே போனா என் ரிசல்ட் வரலைன்னா என்ன பண்றது?

முதலில் பஃபரைப் பாருங்கள். டிரிஸ் பஃபரின் பி.எச். வெப்பநிலையோடு மாறும், 25 டிகிரியில் 8.0 என்று சரிசெய்தது 37 டிகிரியில் 7.7-க்கு இறங்கும், 4 டிகிரியில் 8.6-க்கு ஏறும். ஒரு ஆய்வகம் குளிர் அறையில் சரிசெய்திருக்கும், இன்னொன்று மேசையில். அடுத்து கிளிசரால். 50 சதவீத கிளிசராலில் வைத்த நொதியை வினையின் கன அளவில் பத்தில் ஒரு பங்குக்கு மேல் ஊற்றினால் கிளிசரால் 5 சதவீதத்தைத் தாண்டும். பல ரெஸ்ட்ரிக்‌ஷன் நொதிகள் அப்போது இலக்கு அல்லாத இடத்திலும் வெட்டத் தொடங்கும். மக்னீசியத்துக்குப் பதில் மாங்கனீசு இருந்தாலும் அப்படித்தான். நானோமோலார் அளவில் புரதம் குழாய்ச் சுவரில் ஒட்டி மறைந்துவிடும், அதைத் தடுக்க அல்புமின் என்ற புரதத்தைச் சேர்த்தார்களா என்று பாருங்கள்.

இவையெல்லாம் சரியாக இருந்தும் வரவில்லை என்றால், செயலிழந்த மாற்றுருவை இரண்டு இடத்திலும் ஒரே நாளில் ஓட்டுங்கள். முடிவு உண்மையிலேயே மாறியிருந்தால் இரண்டு வழிகாட்டிகளுக்கும் ஒரே மின்னஞ்சலில் தரவோடு எழுதுங்கள். மறைத்து வைக்கும் ஒவ்வொரு மாதமும் பின்னால் திரும்ப வந்து வலிக்கும்.

ரெண்டு வழிகாட்டியும் ரெண்டு விதமா சொன்னா யார் பேச்சைக் கேட்கிறது?

மேற்பார்வைக் குழு இருப்பது இதற்காகத்தான். இருவரையும் தனித்தனியே சமாளிக்கப் பார்க்காதீர்கள். எந்தச் சோதனை செய்தால் இருவரில் யார் சொல்வது சரி என்று தெரியும் என்று யோசித்து, அதைக் குழுவின் முன் வையுங்கள். கருத்து வேறுபாடு அறிவியலில் இல்லாமல் நேரம், ஆசிரியர் வரிசை, அதிகாரம் இவற்றில் இருந்தால், திட்டத்தின் ஒருங்கிணைப்பாளரிடமோ மாணவர் நலனுக்கென்று நியமிக்கப்பட்ட நடுநிலையாளரிடமோ போகலாம். அதைப் புகார் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம், அது உங்கள் உரிமை.

பட்டம் எந்த நாட்டுப் பட்டம்? ரெண்டு கிடைக்குமா?

பெரும்பாலும் ஒன்றுதான், நீங்கள் பதிவு செய்த பல்கலைக்கழகம் தருவது. இரண்டு பல்கலைக்கழகமும் சேர்ந்து தரும் கூட்டுப் பட்டத்துக்கு, தொடக்கத்திலேயே தனி ஒப்பந்தம் போட வேண்டும். மூன்றாம் வருடத்தில் நினைத்துக்கொண்டு கேட்டால் நடக்காது.

இது முடிச்சா கல்லூரி வேலை மட்டும்தானா?

நொதி தயாரிக்கும் நிறுவனங்கள், பி.சி.ஆர். நோயறிதல், மரபணு வரிசையறிதல் என எல்லா இடத்திலும் இந்த அறிவு தேவை. எம்-ஆர்.என்.ஏ. தடுப்பூசியின் ஆர்.என்.ஏ.வை உண்டாக்குவது டி7 ஆர்.என்.ஏ. பாலிமரேஸ். அது பக்கவிளைவாகத் தரும் இரட்டை இழை ஆர்.என்.ஏ.வை எப்படிக் குறைப்பது என்பது முழுக்க முழுக்க நொதி வேதியியல்.

நான் மூணு வருஷம் உழைச்ச நொதியைப் பத்தி வேற லேப் முதல்ல பேப்பர் போட்டுட்டா?

முதல் இரண்டு நாள் மனசு உடையும். அப்புறம் அந்தக் கட்டுரையின் எண்களை உங்கள் எண்களோடு வைத்துப் பாருங்கள். இரண்டும் பொருந்தினால், ஆறு மாதம் அயல்நாட்டு ஆய்வகத்தில் தேடிய அதே உறுதி உங்களுக்குச் செலவில்லாமல் கிடைத்திருக்கிறது. பொருந்தவில்லை என்றால் உங்கள் கையில் இன்னும் சுவாரசியமான கேள்வி இருக்கிறது. மேலே சொன்ன பஃபர், கிளிசரால் பட்டியலை ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு அதை எழுதுங்கள்.

எம்போ குழும இதழ்களும் பி.எல்.ஓ.எஸ். பயாலஜியும், ஒரே முடிவை வேறொருவர் சற்று முன்பு வெளியிட்டார் என்ற காரணத்துக்காக மட்டும் கட்டுரையை நிராகரிப்பதில்லை என்ற கொள்கை வைத்திருக்கின்றன. தரவு தயாராக இருந்தால் 2013-லிருந்து இயங்கும் பயோ-ஆர்க்கைவ் என்ற இணையதளத்தில் அதே வாரம் முன்பதிப்பாக (இதழின் மதிப்பாய்வுக்கு முன்பே) போட்டுவிடலாம். இரண்டு வழிகாட்டிகளின் சம்மதமும் கூட்டு ஆய்வகத்தின் சம்மதமும் அதற்கு வேண்டும், அதனால் அன்றைக்கே தொலைபேசியை எடுங்கள்.